பழைய காரின் கதவு, டிக்கி பீடிங் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஓராண்டில் பெய்கிற சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் காலையில் முதல் வேலை, கால்மிதியைத் தூக்கித் தகரத்தைத் தொட்டுப் பார்ப்பது. என்னிடம் இருப்பது 1984-ம் ஆண்டு பிரீமியர் பத்மினி. அதற்கு இரண்டு முறை எல்லா பீடிங்கும், அதாவது கதவு, டிக்கி ஓரங்களில் மழையும் தூசியும் வராமல் அடைக்கும் ரப்பர் பட்டைகளை, மாற்றியிருக்கிறேன். முதல் முறை போட்டது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இரண்டாம் முறை போட்டது இன்றும் நிற்கிறது. நண்பர்களின் அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களுக்கும் கூட இருந்து செய்திருக்கிறேன். செப்டம்பர் வந்தால் பலரும் என்னிடம் கேட்பவை இவை.

பீடிங் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகத்தால் அழுத்திப் பாருங்கள். உயிருள்ள ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். செத்த ரப்பரில் நகக்குறி அப்படியே நிற்கும், அல்லது அழுத்தவே முடியாதபடி மரக்கட்டை போல இறுகியிருக்கும். மூலையில் கொஞ்சம் வளைத்தால் மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கும்.

அப்புறம் பத்து ரூபாய் நோட்டுச் சோதனை. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே நோட்டை வைத்துக் கதவை மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. தாராளமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தகரத்தைத் தொடவில்லை. ஒரு சாணுக்கு ஒரு முறை என்று சுற்று முழுக்கச் செய்து, தளர்ந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். குறிகள் எல்லாம் ஒரே மூலையில் குவிந்தால் ரப்பரைக் குறை சொல்ல வேண்டாம், கதவு தொங்கியிருக்கிறது என்று பொருள்.

காருக்குள் தண்ணீர் வருகிறது. பீடிங் மாற்றினால் நின்றுவிடுமா?

நின்றுவிடும் என்று நம்பித்தான் முதல் முறை நானும் மாற்றினேன். நிற்கவில்லை. என் காரில் தண்ணீர் வந்த வழியே வேறு.

கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது இயல்பு. ஜன்னல் கண்ணாடியை ஒட்டி இறங்கும் தண்ணீர் கதவின் வயிற்றுக்குள் போய், அடியில் இருக்கும் சின்ன வடிகால் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். அப்படித்தான் கதவையே வடிவமைத்திருக்கிறார்கள். இருபது, முப்பது ஆண்டு மண்ணும் இலைத்தூளும் சேர்ந்து அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால், தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி உள்பக்கமாக வழியும். கதவை ஆட்டும்போது தளக் தளக் என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். மெல்லிய கம்பியால் குத்தி விட்டாலே காபி நிறத்தில் தண்ணீர் கொட்டும். அதோடு, கதவின் உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும். யாரோ ஒரு சமயம் ஜன்னல் மெஷினைப் பழுது பார்க்கத் திறந்தபோது அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். கனமான பாலிதீன் தாளை வெட்டி, ஓரம் முழுக்க ஒட்டி, கீழ் நுனியைக் கதவின் உள்ளே வடியும்படி செருகுங்கள்.

முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நுழையும் பகுதி, டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் நுழையும் ஓட்டைகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் எல்லாம் அடுத்த சந்தேகங்கள். டிக்கியில் தண்ணீர் நின்றால், பீடிங்கைத் தொடுவதற்கு முன் பின்விளக்குகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தட்டையைப் பாருங்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இன்னும் ஓர் இடம் பார்க்க வேண்டும். நம் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் தயாரான அந்தக் காரின் உடலே துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்தது. கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. கூரை உட்காரும் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் போனால், கதவு பீடிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கழுத்தில் சொட்டும்.

சோதிக்கும்போது ஹோஸை முழு வேகத்தில் திறந்து கார் முழுக்க அடிக்காதீர்கள். எங்கே வருகிறது என்று கடைசிவரை தெரியாது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே இருப்பவர் மக்கில் தண்ணீர் எடுத்து கீழிருந்து மேலாக, ஓரிடத்தில் இரண்டு நிமிடமாவது நின்று ஊற்றிக்கொண்டே வரட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் வழிந்து குழப்பும். இதைக் கோடையிலும் செய்யலாம்.

டிக்கி பீடிங் போனால் கொஞ்சம் தூசி வரும், அவ்வளவுதானே?

இல்லை. இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். ஓடும் காரின் பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். சைலன்சர் புகை அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். டிக்கி சரியாக மூடாவிட்டால் அந்தப் புகை இடைவெளி வழியாக டிக்கிக்குள் இழுக்கப்படும். பழைய கார்கள் பலவற்றில் டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இருப்பது ஓர் அட்டையும் சீட்டு மெத்தையும்தான். புகை நேரே பின்சீட்டுக்கு வந்துவிடும். அங்கே உட்காருவது பெரும்பாலும் நம் குழந்தைகளும் பெரியவர்களும்.

புகையில் கண் எரியும் வாசனையை நாம் கவனித்துவிடுவோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கார்புரேட்டர் வைத்த, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சினில் அது அதிகமாகவே வரும். நீண்ட பயணத்தில் பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம் வந்தால் உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் வெளியே இறங்குங்கள். பிறகு சைலன்சர் இணைப்புகளையும் டிக்கி பீடிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. முன் ஜன்னல்கள் திறந்திருக்கும்போது பின்னாலிருந்து இழுப்பு கூடுவதும் உண்டு.

டிக்கி சரியாக மூடுகிறதா என்று பார்க்க இரவில் உள்ளே ஒரு விளக்கை எரியவிட்டு மூடி, வெளியே சுற்றி வந்து ஒளி கசிகிறதா என்று பாருங்கள். ஆளை உள்ளே படுக்க வைத்து மூட வேண்டாம். பழைய டிக்கி லாக் எப்போது சிக்கும் என்று சொல்ல முடியாது.

எந்த ரப்பர் நல்லது?

ஈபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர். வெயிலுக்கும் ஓசோனுக்கும் இதுபோல் ஈடுகொடுக்கும் ரப்பர் இந்த விலையில் வேறு இல்லை. பழைய கார்களில் கம்பெனியே போட்டது பெரும்பாலும் இயற்கை ரப்பர் கலந்தது. அது மென்மையாக இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரின் சங்கிலிகளை அறுத்துவிடும். மூலைகளில் முதலில் வெடிப்பதற்கு அதுதான் காரணம், அங்கேதான் ரப்பர் இழுபட்டு நிற்கிறது. மே மாத வெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் நிற்கும் தகரமும் சேர்ந்துகொண்டால் சில ஆண்டுகளில் முடிந்துவிடும்.

பார்க்கப் பளபளவென்று இருக்கும் பிவிசி பீடிங்கை வாங்காதீர்கள். ஆறு மாதம் அழகாக இருக்கும். பிறகு சுருங்கி, இறுகி, முனைகளில் இடைவெளி விடும். முழுக்கக் கெட்டி ரப்பராக இருப்பதையும் தவிர்க்கவும். கதவு மூடுமிடத்தில் நமக்குத் தேவை பஞ்சு ரப்பர். கையில் பிசைந்தால் சுலபமாக அமுங்கி, விட்டதும் எழ வேண்டும்.

ஈபிடிஎம்மின் ஒரே பலவீனம் பெட்ரோலும் ஆயிலும். பெட்ரோல் மூடிக்கு அருகே அதைப் போடாதீர்கள்.

பழைய அம்பாசிடர்களிலும் ஹெரால்டுகளிலும் துணி போர்த்திய பீடிங் ஒன்றைக் கதவுச் சட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அது காற்றைத் தடுக்கவும் அழகுக்கும் மட்டும். அதை மாற்றினால் மழை நிற்காது.

சென்னையில் எங்கே வாங்குவது?

அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் அதற்குப் பொருத்தமான பீடிங் இன்னும் கிடைக்கிறது. பத்மினிக்கும் தேடினால் கிடைக்கும். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ஆரம்பியுங்கள். அங்கே இல்லாவிட்டால் புதுப்பேட்டை. ஹெரால்டு, கெஸல் மாதிரி கார்களுக்குப் பெயர் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. பாரிமுனைப் பக்கம் தொழிற்சாலை ரப்பர் சாமான் விற்கும் கடைகளில் பழைய துண்டைக் காட்டி, அதே குறுக்குவெட்டில் மீட்டர் கணக்கில் வாங்குவதுதான் வழி.

எந்தக் கடைக்குப் போனாலும் பழைய பீடிங்கில் ஒரு சாண் நீளமாவது கையில் இருக்கட்டும். கதவுக்கு அடியிலிருந்து வெட்டுங்கள், அங்கேதான் வெயில் படாமல் வடிவம் ஓரளவு மிச்சமிருக்கும். "அண்ணே, இதே அளவு, பஞ்சு ரப்பர், உள்ளே கம்பி வைத்தது" என்று கேளுங்கள். கார் பெயரை மட்டும் சொன்னால் "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்று ஒன்றை நீட்டுவார்கள்.

பழைய ஸ்டாக், ஒரிஜினல் பாக்கெட் பிரிக்காதது என்று சொன்னால் ஆசைப்படத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ரப்பர் அலமாரியிலும் வயதாகும். பாக்கெட்டைப் பிரித்து, மடித்துப் பார்த்து, வெடிக்கவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

எங்குமே கிடைக்காத வடிவம் என்றால் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் ரப்பர் வேலை செய்யும் சிறு பட்டறைகளை விசாரிக்கலாம். வடிவத்துக்குத் தனி அச்சு வெட்ட வேண்டும், அதனால் பத்து மீட்டருக்காகச் செய்ய மாட்டார்கள். அதே கார் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

அளவை எப்படி முடிவு செய்வது?

இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, பீடிங் பிடிக்கும் தகர விளிம்பின் தடிமன். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியால் நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள். இரண்டு தகரம் சேரும் இடத்துக்கும் மூன்று தகரம் சேரும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கும். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்த காரில் இன்னும் கூடும். இரண்டாவது, கதவு மூடியபின் தகரத்துக்குத் தகரம் உள்ள இடைவெளி. இதற்குச் சப்பாத்தி மாவு போதும். எலுமிச்சை அளவு உருண்டையைப் பாலிதீனில் சுற்றி விளிம்பில் வைத்து, கதவை லாக் விழும்வரை மூடித் திறவுங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் இடைவெளி. கீல் பக்கம், லாக் பக்கம், மேலே, கீழே எல்லாவற்றிலும் எடுங்கள்.

பீடிங்கின் குமிழ், அதாவது கதவு வந்து அழுத்தும் உருண்டைப் பகுதி, மூடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். இடைவெளி 10 மி.மீ. என்றால் 14, 15 மி.மீ. குமிழ் சரி. 20 மி.மீ. வாங்கினால் மழை வராது, கதவும் மூடாது. குமிழ் மேலே இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பழைய துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மாற்றி வாங்கிவிட்டுத் திரும்ப அலைபவர்கள் நிறைய.

நீளத்துக்குச் சட்டத்தைச் சுற்றி நூல் விட்டு அளந்து, கதவுக்கு ஒரு சாண் கூட்டி வாங்குங்கள்.

பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினால் முடிந்ததா?

இந்த வேலையே உண்மையில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ரப்பர் செருகுவது ஒரு மணி நேரம். அது உட்காரும் தகரத்தைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனாலும் ஆகும்.

பழைய பீடிங்கில் தகர விளிம்பைக் கவ்வும் காலுக்குள் தண்ணீர் தேங்கி, நம் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, விளிம்பைச் சத்தமில்லாமல் தின்றிருக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கம் நிற்கும் கார்களில் இதை இன்னும் மோசமாகப் பார்த்திருக்கிறேன். என் பத்மினிக்கு முதல் முறை ஒரு பட்டறையில் துருவின் மேலேயே புது பீடிங்கை அடித்து ஏற்றிவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு உருவியபோது ரப்பரோடு விளிம்பும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. டிக்கியின் கீழ் விளிம்பில் ஒரு முழ நீளத்துக்குப் புதுத்தகரம் வெட்டி வெல்டு வைக்க வேண்டியதாயிற்று.

எனவே உருவியதும் கம்பி பிரஷ்ஷால் துருவை வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேயுங்கள். குழிகளில் மிஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, சொன்ன நேரம் விட்டுத் துடையுங்கள். ஓட்டை இருந்தால் டிங்கரிங் மேஸ்திரியிடம் போய்த் தகரம் வைப்பதுதான் முறை. பட்டி போட்டு நிரப்பினால், பீடிங்கின் கம்பி கடிக்கும்போதே உடைந்துவிடும். பிறகு இபாக்சி பிரைமர், மேலே காரின் நிறம். நன்றாகக் காய ஒரு வாரம் கொடுங்கள். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள். ஈரம் அதற்குள் இறங்கும்.

பழைய பசையை எடுக்கத் தின்னர் வேண்டாம். பழைய கார்கள் பலவற்றில் இருப்பது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், தின்னர் பட்டால் கரைந்து வந்துவிடும். டர்பன்டைனைத் துணியில் நனைத்து, முதலில் மறைவான இடத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

விளிம்பு வளைந்திருந்தால் கட்டிங் பிளையரின் வாயில் துணி சுற்றி நிமிர்த்துங்கள். அலை அலையாக இருக்கும் விளிம்பில் எந்த பீடிங்கும் நேராக நிற்காது.

செருகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சுருளாக வாங்கி வந்ததை முந்தைய நாளே பிரித்து மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ நீளமாகப் போட்டுவிடுங்கள். வெதுவெதுப்பில் சுருண்டு கிடந்த வளைவு போகும்.

கதவுக்கு அடிச்சட்டத்தின் நடுவில் ஆரம்பியுங்கள். டிக்கிக்கு லாக் இருக்கும் கீழ்ப்பக்க நடுவில். இரண்டு முனையும் சேரும் இடம் எப்போதும் தாழ்வான இடமாக இருக்கட்டும். மேலே வைத்தால் மழை அந்த இணைப்பைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

இழுத்துச் செருகாதீர்கள். இழுபட்ட ரப்பர் மெல்ல மெல்லப் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலைகளில் விளிம்பை விட்டு எழும்பிவிடும். மூலைகளில் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளிக் கொடுங்கள். கூர்மையான மூலையில் குமிழ் மடிந்து தட்டையானால், உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய ரப்பர் ட்யூபை நுழைத்தால் வடிவம் நிற்கும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சுலபமாக ஏறச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் வேண்டாம்.

சுற்று முடிந்ததும் தேவையைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டு முனையையும் எதிரெதிரே அழுத்தி உட்கார வையுங்கள். அந்த அழுத்தத்தில் இணைப்பு தானே மூடிக்கொள்ளும். சரியாக அளந்து வெட்டுகிறேன் என்று வெட்டினால் ஒரு மாதத்தில் இடைவெளி தெரியும்.

பசை போட வேண்டுமா?

கம்பி வைத்த பீடிங்குக்குத் தேவையில்லை. முனைகள் சேரும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு. தட்டைத் தகரத்தில் ஒட்டும் வகை என்றால் ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்தபின் அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அடைமழை நாளில் இதைச் செய்யாதீர்கள், தகரத்தில் படியும் ஈரம் பசையைப் பிடிக்க விடாது.

புதியது போட்டபின் கதவு மூட மாட்டேன் என்கிறது.

முதல் இரண்டு வாரம் கொஞ்சம் பலமாகச் சாத்த வேண்டியிருக்கும், அது இயல்பு. கார் நிற்கும்போதெல்லாம் கதவுகளை முழுதாக மூடியே வையுங்கள், ரப்பர் படிந்துவிடும். அதற்குப் பிறகும் அடம்பிடித்தால் லாக் மாட்டும் ஸ்டிரைக்கரின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி ஒரு மி.மீ. வெளியே நகர்த்திப் பாருங்கள். நகர்த்துவதற்கு முன் அது இருந்த இடத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வது நல்லது.

பாதி திறந்த கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதை பீடிங் வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால் கீலின் ஊசி (பின்) தேய்ந்துவிட்டது. முதலில் அதை மாற்ற வேண்டும். சில மேஸ்திரிகள் கீல் பக்கம் மரக்கட்டை வைத்துக் கதவை அழுத்தி வளைப்பார்கள். அனுபவசாலி கையில் அது சரியாக வருவதையும் பார்த்திருக்கிறேன், கதவுத் தகரம் மடிந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். என் காரில் அனுமதிக்க மாட்டேன்.

பெயிண்ட் அடிக்கப் போகிறேன். பீடிங் மாற்றுவது அதற்கு முன்பா, பின்பா?

பின்பு. ஆனால் பழைய பீடிங்கைக் கழற்றிவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பேப்பர் ஒட்டிவிட்டு மேலே அடிப்பார்கள்.

ஜன்னல் கண்ணாடி பீடிங்கையும் சேர்த்து மாற்றலாமா?

கதவின் அட்டையைக் கழற்றிவிட்டீர்கள் என்றால் மாற்றிவிடுங்கள். கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தில் இருக்கும் வெல்வெட் வைத்த ரப்பரும், கதவின் மேல் ஓரத்தில் கண்ணாடியைத் துடைக்கும் பட்டையும் தேய்ந்திருந்தால்தான் கண்ணாடி கடகடவென்று ஆடும். அவற்றை மாற்றினால் கதவுக்குள் போகும் தண்ணீரும் குறையும். முன், பின் பெரிய கண்ணாடிகளின் ரப்பர் தனி வேலை. அதைப் பழகிய ஆளிடம் விடுங்கள். பத்மினியின் முன்கண்ணாடி உடைந்தால் இன்னொன்று தேடுவது சுலபமில்லை.

எப்படிப் பராமரிப்பது?

மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தால் ஆயுள் கூடும். குமிழில் ஒட்டியிருக்கும் மணல்தான் அதை அரைக்கிறது. கோடைக்கு முன் ஒரு முறை, மழைக்கு முன் ஒரு முறை சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம். தூசியை இழுக்கும், ரப்பரை ஊதவும் வைக்கும். நெடுநாள் நிறுத்தி வைக்கும் காரில் ரப்பர் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடரை லேசாகத் தூவிவிடலாம். எலி, பெருச்சாளி நடமாட்டம் உள்ள இடமா என்று பார்த்து நிறுத்துங்கள். ஒரே இரவில் ஒரு மூலையைக் கடித்துவிடும்.

மழை விட்ட நாளில் கவரை எடுத்து, கதவுகளையும் டிக்கியையும் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். நன்றாக மூடும் கார் உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது.

மிச்சத் துண்டுகளை என்ன செய்வது?

ஒவ்வொரு வகையிலும் ஒரு சாண் வெட்டி, எந்த இடம், எத்தனை மீட்டர், எந்தத் தேதி என்று சீட்டு எழுதி ரப்பர் பேண்டு போட்டு, வெயில் படாத பெட்டியில் வையுங்கள். பழைய துண்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை கடைக்குக் கையில் எடுத்துக்கொண்டு போக அதுதான் வேண்டும்.